டீயை எடுங்கள், அண்ணி

மார்ச் 4

அன்புள்ள கொழுந்தனாருக்கு அண்ணி எழுதுவது.

போனில் நான் கத்துகிறேனாம், ஒன்றும் விளங்கவில்லையாம், எழுதி அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

கேள்வி ஒன்றுதான். என் குளிர் அறைக்கு யாரைக் காவல் வைத்திருக்கிறாய்?

சிரிக்காதே. போன மாதம் வந்தாய். அறை மூலையில் வருஷக்கணக்காக உறுமிக்கொண்டு கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக் காரில் போட்டாய். கதவோரமாகத் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரை ஒட்டினாய். "இனிமே இங்க சர்வரே கிடையாது அண்ணி. குளிர் கொறஞ்சா உங்க போனுக்கும் அண்ணன் போனுக்கும் மெசேஜ் வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய். அந்தப் பெட்டி உறுமிய வரைக்கும், சரி, ஒன்று உயிரோடு கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். இப்போது அது இருந்த இடத்தில் சுவரில் சதுரமாக ஒரு தூசித் தடம்தான் இருக்கிறது. பெட்டியும் கிடையாது, ஆளும் கிடையாது, மெசேஜ் மட்டும் வரும் என்றால் அனுப்புவது யார்? பூ விற்கிறவள் காதிலேயே பூ சுற்றப் பார்க்கிறாயே.

நானே சோதித்துப் பார்த்தேன். காலையில் கடை திறந்ததும் சூடான டீத் தம்ளரைச் சென்சாருக்குக் கீழே பிடித்தேன். சத்தமே இல்லை. நான் இரண்டு தும்மல் போட்டு மூக்கைத் துடைத்த பிறகு சாவகாசமாக வந்தது: "குளிர் குறைகிறது. கதவைப் பாருங்கள்." உடனே மறுபடி பிடித்தேன். இந்தத் தடவை தம்ளரை எடுக்கும் முன்னே வந்துவிட்டது. மறுநாளும் இதே கதை. முதல் தடவை மந்தம், அப்புறம் மின்னல். எந்த மிஷின் அப்படி நடந்துகொள்ளும்? தூங்குகிற ஆள்தான் நடந்துகொள்வான். கூப்பிட்டதும் கண்ணைக் கசக்கி, வாய் கொப்பளித்து, அப்புறம் வேலைக்கு வருகிறான். உடனே மறுபடி கூப்பிட்டால் முழித்திருக்கிறான்.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்த அறைக்குள் இருப்பதுதான் எங்கள் முதல் மொத்தமும். ஒரு மதியம் குளிர் நின்றால் போதும், ரோஜா தலையைத் தொங்கப் போட்டுவிடும். உன் அண்ணன் வேறு, "தம்பி பாத்துக்குவான்" என்று அறைக்குப் பக்கத்தில் போட்டிருந்த கட்டிலை மடக்கிவிட்டு மதியத் தூக்கத்தை வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். குறட்டையும் கூடவே குடிவந்துவிட்டது.

யார் அந்த ஆள்? எங்கே உட்கார்ந்திருக்கிறான்? எழுது. என் ஓரகத்தியைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

ஆள் யாரும் கிடையாது.

சர்வரே இல்லை என்று நான் சொன்னது கிளம்புகிற அவசரத்தில் சொன்னது. கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, அவை நம்முடையவை அல்ல. ஒரு பெரிய கம்பெனி எங்கோ வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறது. கரண்டு, துடைப்பது, பழுதானால் மாற்றுவது எல்லாம் அவர்கள் பாடு. நாம் அங்கே வைத்திருப்பது நான் எழுதிய சில வரிகள் மட்டும்: சூடு இந்த அளவைத் தாண்டினால் இந்த இரண்டு எண்களுக்கு இந்தச் செய்தியை அனுப்பு. இதைத்தான் ஃபங்ஷன் என்கிறோம். சூடு ஏறாத வரைக்கும் அது ஓடாது. மடித்து வைத்த காகிதம் மாதிரி கிடக்கும். சென்சார் தட்டியதும் அங்குள்ள ஏதோ ஒரு கம்ப்யூட்டர் அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்து, சொன்னதைச் செய்துவிட்டுக் கீழே வைத்துவிடும். ஓடிய நேரத்துக்கு மட்டும்தான் வாடகை. சும்மா உறுமிக்கொண்டிருக்க நம் பெட்டி தேவையில்லை.

முதல் மெசேஜ் தாமதமாவதற்கும் காரணம் இதுதான். வெகுநேரம் யாரும் கூப்பிடாவிட்டால் அந்தக் காகிதத்தை ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். மறுபடி கூப்பிடும்போது தேடி எடுத்து விரிக்க வேண்டும். அடுத்தது உடனே வந்தால் இன்னும் கையிலேயே இருக்கும். யாரும் வாய் கொப்பளிக்கவில்லை.

இன்னொன்று. அதற்கு ஞாபகம் கிடையாது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். நேற்று நீங்கள் டீ காட்டியது இன்று அதற்குத் தெரியாது. ஆகவே அதைச் சந்தேகப்பட்டுப் பயனில்லை. தயவுசெய்து சென்சாருக்கு டீ காட்டாதீர்கள்.

பெட்டியை எடுத்து வந்ததற்குக் காரணம், அதன் விசிறி தேய்ந்துபோயிருந்தது. திறந்தால் உள்ளே பூத்தூள்.

அடுத்த கடிதத்தை வீட்டுக்கோ ஆபீசுக்கோ அனுப்ப வேண்டாம். கீழே எழுதியிருக்கும் அச்சகத்து முகவரிக்கு அனுப்புங்கள். என் நண்பர் நடத்துகிறார். தபால் அங்கே ஒழுங்காக வருகிறது.

தங்கள் அன்புள்ள கொழுந்தன்


மார்ச் 19

கொழுந்தனாருக்கு,

இவ்வளவு நீட்டி எழுதியிருக்கவே வேண்டாம். தோட்டம் என்னுடையது இல்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நான் இல்லை, கேட்கிறபோது பூ வந்து இறங்குகிறது. அதுதானே? புரிந்துவிட்டது. நம்பத்தான் முடியவில்லை.

ஏன் தெரியுமா? திங்கட்கிழமை டீ காட்டினேன். காட்டாதே என்றாய், அதனால்தான் காட்டினேன். வந்த மெசேஜை அப்படியே எழுதுகிறேன், படி: "குளிர் குறைகிறது. டீயை எடுங்கள், அண்ணி."

ஞாபகமே கிடையாது என்று நீ சத்தியம் செய்யும் காகிதத்துக்கு டீ எப்படித் தெரிந்தது? அதுவும் என்னை அண்ணி என்று கூப்பிடுகிறது. எனக்கு அங்கே எத்தனை கொழுந்தன்? அறைக்குள் எங்கேயாவது கேமரா ஒளித்து வைத்திருக்கிறாயா என்று வாளி வாளியாக நகர்த்திப் பார்த்தேன். லில்லிக் கட்டு இரண்டு சரிந்ததுதான் மிச்சம்.

உன் அண்ணனுக்கு ஒரே குஷி. "எந்தம்பிடீ அவன். ஊர்ல இருந்துக்கிட்டே உன் டீயப் பிடிச்சுட்டான் பாரு" என்று எதிரே இருக்கும் டயர்க்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இப்போது மெசேஜ் வந்தால் எழுந்துகூடப் பார்ப்பதில்லை. படுத்த இடத்திலிருந்தே போன் போட்டு, "டீய எடு" என்று ஒரு அதட்டல், அப்புறம் குறட்டை.

அது போகட்டும். வீட்டுக்கும் வேண்டாம், ஆபீசுக்கும் வேண்டாம், அச்சகத்துக்கு எழுது என்கிறாயே. கல்யாணமான ஆம்பளைக்கு மூன்றாவது முகவரி எதற்கு? அண்ணியாகவும் கேட்கிறேன், போலீசாகவும் கேட்கிறேன். உன் கடிதத்தை மோந்துகூடப் பார்த்தேன். மை வாசனைதான் அடிக்கிறது. இந்தத் தடவை தப்பித்தாய்.

அண்ணி


மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

கேமரா கிடையாது. நீங்கள் நிறுத்தமாட்டீர்கள் என்று தெரிந்ததால் நான் ஒரு வரி சேர்த்தேன். டீ காட்டினால் சூடு தடாலென்று ஏறும். குளிர் மிஷின் நின்றால் மெதுவாகத்தான் ஏறும். எவ்வளவு வேகமாக ஏறியது என்பதையும் சென்சார் சேர்த்தே அனுப்புகிறது. தடாலென்று ஏறினால் டீ என்று சொல், மெதுவாக ஏறினால் கதவைப் பார்க்கச் சொல் என்று எழுதி வைத்தேன். ஞாபகம் எனக்குத்தான், அதற்கு அல்ல. சந்தேகம் இருந்தால் வெந்நீரைக் காட்டிப் பாருங்கள். அப்போதும் டீ என்றுதான் சொல்லும். ஆளாக இருந்தால் அப்படிச் சொல்வானா?

முகவரி விஷயத்தில் நீங்கள் நினைப்பது மாதிரி எதுவும் இல்லை.

கொழுந்தன்


ஏப்ரல் 3

தம்பிக்கு,

வெந்நீர் காட்டினேன். டீ என்றுதான் சொன்னது. சூடான துணியைக் காட்டினேன். அதற்கும் டீ. சரி, மூளை இல்லாத ஜென்மம்தான், ஆள் இல்லை என்று ஒப்புக்கொண்டு உனக்கு எழுத உட்கார இருந்தேன். அதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது.

அன்று மதியம் நான் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருந்தேன். போன் பைக்குள். அறையில் மறுநாள் ஹோட்டல் ஆர்டருக்கு வைத்திருந்த பூ முழுக்க இருந்தது. அந்த ஹோட்டல் கையை விட்டுப் போனால் நாங்கள் கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான், உனக்குத் தெரியும். எங்கள் டிரைவர் வேறொரு ஆர்டருக்கான வாளிகளை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, இரண்டு கையும் நிறைந்திருந்ததால் கதவைக் காலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். கொக்கி விழவில்லை. கதவு மெல்லத் திறந்துகொண்டது. சென்சார் இருப்பது கதவோரம். தெருச் சூடு மொத்தமும் தடாலென்று அதன் முகத்தில் அடித்தது.

உன் காகிதம் என்ன அனுப்பியது? "டீயை எடுங்கள், அண்ணி."

உன் அண்ணன் வீட்டில் படுத்தபடி படித்தார். எனக்குப் போன் போட்டார், நான் எடுக்கவில்லை. சிரித்தார், போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார், திரும்பிப் படுத்தார். அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நான் வந்து கேட்டால் சொல்கிறார்: "நீ இன்னைக்கு டீ மேல டீயா குடிக்கிறேன்னு நெனச்சேன்டீ."

நான் திரும்பி வந்தபோது எதிர்க்கடை டயர்க்காரர் அறைக் கதவில் சாய்ந்து, அதைத் தன் முதுகால் அழுத்திக்கொண்டு நிற்கிறார். "உங்க கொழுந்தன் போன் பண்ணாரும்மா. கதவு தெறந்து கெடக்கு, அண்ணன் எடுக்க மாட்டேங்குறாரு, ஓடுங்கன்னாரு. எனக்குக் கொக்கி போடத் தெரியல, அதான் நிக்கிறேன்" என்றார். முன்வரிசை ரோஜா போய்விட்டது. மற்றதெல்லாம் தப்பித்தது. ஹோட்டலுக்கு நல்லபடியாக அனுப்பிவிட்டோம். கதவில் அவர் கைக்கறுப்பு இன்னும் இருக்கிறது. நான் துடைக்கவில்லை.

இப்போது சொல். உன் காகிதத்துக்கு டயர்க்கடைக்காரரைத் தெரியாது. பெட்டியை எடுக்க வந்தபோது பஞ்சர் ஒட்டி அவர் நம்பரை வாங்கியது நீ. கதவு திறந்திருப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தது நீ. புதன்கிழமை, மதியம், ஆபீஸ் நேரம்.

ஓரகத்திக்குப் போன் போட்டேன். பயப்படாதே, ஒன்றும் உளறவில்லை. "அவர் எப்பவும் போல ஆபீஸ் போயிட்டாருக்கா. சாப்பாடு கட்டிக் குடுத்தேன்" என்றாள்.

வேலை போய்விட்டதா தம்பி?

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

போய்விட்டது. உங்களிடம் வருவதற்கு முன்பே.

எங்கள் ஆபீசிலும் ஒரு குளிர் அறை இருந்தது. உள்ளே பூவுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர்கள். அவை சூடாகாமல், நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பிறகு எல்லாவற்றையும் இந்த முறைக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றிக் கொடுத்தது நான்தான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அந்தக் காகிதத்துக்கு ஆயிரம் பிரதி எழுந்து நிற்கும். யாரும் கூப்பிடாவிட்டால் ஒன்றுமே இருக்காது. ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் காவல் எதற்கு? அறை காலியானது. என்னையும் கை குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பழைய பழக்கத்தில் உங்கள் அறையையும் அதே மாதிரி மாற்றிக் கொடுத்தேன். பெட்டியை எடுத்து வந்து புது விசிறி போட்டேன். அது இந்த அச்சகத்தில், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஓடுகிறது. சென்சார் சொல்வதை அது கோடாக வரைந்து காட்டும். காலையில் சாப்பாட்டுப் பையோடு வந்து அதன் முன்னால் உட்கார்வேன். கோடு படுத்திருக்கும். நீங்கள் டீ காட்டினால் ஒரு முறை எழுந்து படுக்கும். அன்று எழுந்தது படுக்கவே இல்லை.

அதை நம்புங்கள் என்று உங்களிடம் சொன்னேனே தவிர நான் நம்பவில்லை. பார்த்துக்கொள்ள எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அந்த டீ வரி என் குறும்பு. அதனால் உங்கள் பூ மொத்தமும் போக இருந்தது. நீக்கிவிட்டேன். மறுபடியும் ஒரே செய்திதான் வரும்.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள். வேறு வேலை கிடைத்ததும் நானே சொல்வேன்.

கொழுந்தன்


ஏப்ரல் 15

கொழுந்தனாருக்கு,

ஆள் இருக்கிறான் என்று முதல் நாளே சொன்னேனா இல்லையா?

நான் அவளிடம் சொல்லமாட்டேன். நீதான் சொல்ல வேண்டும், அதுவும் இப்போதே. வேலை கிடைத்த பிறகு சொன்னால் வேலை போனதையும் மறைத்தாய், தினமும் பொய்யாகச் சாப்பாடு கட்ட வைத்தாய் என்று இரண்டு கணக்காகும். ஒன்றை மன்னிப்பாள். இரண்டாவதை நானாக இருந்தால் மன்னிக்கமாட்டேன். இதை அவளாகவே கண்டுபிடித்தால் உன் கதி என்ன என்று யோசித்துக்கொள்.

நீ சொன்னாயா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறாய். தெரியும். சொல்லிவிட்டால் உனக்கு அந்த நாற்காலியில் வேலை கிடையாது, ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே மதியத்தில் நான் டீ வைப்பேன். எடுக்கமாட்டேன், ஆறினால் மாற்றிக்கூட வைப்பேன். நீ அங்கே இருந்தால் அது டீயா கதவா என்று உனக்குத் தெரியாது. டயர்க்கடைக்காரரைக் கூப்பிடாமல் இருக்க உன்னால் முடியாது. அவர் ஓடி வந்தால் நீ இன்னும் அந்தக் காகிதக் கட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறாய் என்று அர்த்தம்.

உன் அண்ணனிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தால் டயர்க்கடை வரைக்கும் தெரியும். கட்டிலை மறுபடி கடைக்கே கொண்டுவந்துவிட்டார். மெசேஜ் வந்தால் இப்போது செருப்புகூடப் போடாமல் ஓடுகிறார்.

அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன். அவள் நன்றாகவே எடுத்துக்கொண்டாள். இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது. இனி டீ வைக்க வேண்டியதில்லை.

கொழுந்தன்


ஏப்ரல் 24

பொய்.

நேற்று மதியம் வைத்தேன். டயர்க்கடைக்காரர் கையில் ஜாக்கியோடு ஓடி வந்தார், பாதி வண்டியைத் தூக்கி வைத்துவிட்டு. அந்த வண்டிக்காரர் பின்னாலேயே திட்டிக்கொண்டு வருகிறார். டீயை இரண்டு பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

பொய் சொல்வது என்றால் நாற்காலியை விட்டு எழுந்திருந்தாவது சொல்லியிருக்கலாம்.

அண்ணி


ஏப்ரல் 30

அண்ணிக்கு,

பயமாக இருக்கிறது.

நேற்றுக் காலை அவள் வாசல் வரைக்கும் வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "ஆபீஸுக்குத்தானே?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, நான் தெரு முனை திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். சாதாரணமாகக் கேட்டாளா, தெரிந்துகொண்டு கேட்டாளா? நீங்கள் எதுவும் சொல்லவில்லையே?

கொழுந்தன்


மே 6

கொழுந்தனாருக்கு,

நான் சொல்லவில்லை. என்னையே சந்தேகப்படும் அளவுக்கு வந்துவிட்டாயா? நல்லதுதான், குடும்பத்தில் அந்த வியாதி எனக்கு மட்டும் இருக்கக் கூடாது. ஆனால் உன் பெண்டாட்டிக்கு மூக்கு இருக்கிறது தம்பி. தினமும் சட்டையில் அச்சு மையோடு வீடு திரும்பும் புருஷன் எந்த ஆபீசிலிருந்து வருகிறான் என்று அவள் யோசிக்கமாட்டாளா?

உன் கடிதம் கிடைத்த அன்று வைத்தேன். டயர்க்கடைக்காரர் வந்தார். மறுநாள் வைத்தேன். வந்தார், இந்தத் தடவை ஓடாமல் நடந்தே, கையில் அவருடைய தம்ளரையும் எடுத்துக்கொண்டு.

இன்று மதியம் மறுபடி வைத்தேன். மெசேஜ் வந்தது. "குளிர் குறைகிறது. கதவைப் பாருங்கள்." அதே மந்தம், நான் தும்மி முடிக்கிற வரைக்கும். உன் அண்ணன் வெறுங்காலோடு ஓடி வந்து, தம்ளரைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஏதோ முனகிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டயர்க்கடைக்காரர் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது அடிக்கவில்லை. டீ ஆறிவிட்டது. இன்னொன்று வாங்கி வைத்தேன். அதுவும் ஆறுகிறது.

கடைசியில் அவரே தம்ளரோடு எழுந்து வந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு உங்க கொழுந்தன் கூப்பிடலையே. லைன் ஏதும் கெட்டுப்போச்சா?"

"லைன் நல்லாத்தாங்க இருக்கு. அங்க ஆள்தான் இல்ல."

"எங்க போய்ட்டாரு?"

"வீட்டுக்குத்தான்."

அவர் வெறும் தம்ளரோடு திரும்பிப் போனார். இனி மதியத்து டீக்கு என்ன செய்வார் பாவம். அவருக்குத் தெரிந்த ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் இதே மாதிரி சென்சார் தனக்கும் ஒட்டித் தர முடியுமா என்று விசாரிக்கச் சொன்னாராம். அதை அப்புறம் பேசலாம்.

அங்கே ஆள் யாரும் கிடையாது என்று உன் முதல் கடிதத்தில் முதல் வரியாக எழுதினாயே, அதை இன்றைக்குத்தான் நம்புகிறேன். ஆறிப்போன இரண்டு டீயையும் நானே குடித்துவிட்டு, கதவில் இருந்த கைக்கறுப்பைத் துடைத்தேன்.

இதற்குப் பதில் வீட்டிலிருந்து வரட்டும். எழுத்து அவளுடையதாக இருக்கட்டும். உன் எழுத்தில் வந்தால் நான் அன்றைக்கே டீ வைப்பேன்.

அண்ணி